எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு அண்மையில் வசிப்பவன் நான். எங்கள் தெருவிலிருந்து செங்கம் சாலைக்கு வந்தால், அதுவே கிரிவலப் பாதையுமாகும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் மலையை வலம் வரும். மற்ற நாட்களிலும் அதிகாலையில் வெறுங்காலுடன் நடப்போரைக் காணலாம். அத்தகைய ஒரு வைகறைப் போதில் என் பழைய அம்பாசடர் வண்டியை அச்சாலையில் திருப்பினேன். பின்புறத்தைக் காட்டும் கண்ணாடியில், இடுப்பில் குழந்தையுடன் நடந்து வந்த ஒரு பெண்மணி முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடுவது தெரிந்தது. என் வண்டி கக்கிய நீலப் புகையே காரணம். பள்ளியில் பல்லாண்டுகள் சுகாதாரப் பாடம் நடத்திய எனக்கு அன்று நாணமாகிவிட்டது.

அந்நாளில் என் வண்டி 400 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் எஞ்சின் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. வயதான வண்டி அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, குறையக் குறைய ஊற்றி வந்தேன். சற்றுக் கெட்டியான எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன். சில நாட்கள் புகை குறைந்து, மீண்டும் பழையபடியாயிற்று. ஒரு பட்டறையில் காட்டியபோது, எஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன்கள் போட வேண்டும் என்றனர். அவர்கள் சொன்ன தொகை என் ஓய்வூதியத்தில் நான்கு மாதத்துக்கானது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். அதற்கு மனம் ஒப்பவில்லை.

அம்பாசடர் வண்டி இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்தது. வங்காளத்தில் உத்தரபாரா என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில் உருவான அவ்வண்டியின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோயிற்று. புதிது வாங்க இயலாத பொருளைப் பழுது பார்க்கும்போது, முதலில் பழுது யாது என்று அறிய வேண்டுமன்றோ? இதை எனக்கு எடுத்துக் காட்டியவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்ற ஒருவர். இப்பொழுது அவர் மோட்டார் மெக்கானிக். வண்டியைச் சுற்றி வந்து, "ஐயா, எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

எஞ்சினுக்குள் எண்ணெய் இருக்கவேண்டிய இடம் அடித்தொட்டி. அங்கிருந்து பம்பு அதனை ஏற்றி, தேயும் உறுப்புகளுக்கெல்லாம் அளிக்கிறது. பின்னர் அது தொட்டிக்கே வடிந்துவிடுகிறது. இந்தச் சுற்றிலிருந்து எண்ணெய் தப்பிச் செல்லும் வழிகள் நான்கு.

முதல் வழி வெளிக் கசிவு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரவில் அதன் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் கறையே சாட்சி சொல்லும். என் வண்டியின் அட்டையில் இரண்டு மூன்று சொட்டுகளே இருந்தன. லிட்டர் கணக்கில் போகும் எண்ணெய்க்கு அது போதிய விடையன்று.

இரண்டாவது வழி மூச்சுக் குழாயைச் சார்ந்தது. பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கும் சிறிதளவு வாயு வெளியேறுவதற்கென்று எஞ்சினில் ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, இணைப்புகள் தோறும் எண்ணெயை வெளியே தள்ளும். ஆவி போக வழியில்லாத இட்லிப் பானையின் மூடி தூக்கியடிப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். என் வண்டியின் குழாயில் கரிப்பிசின் பாதியளவு அடைத்திருந்தது. அதை மண்ணெண்ணெயில் கழுவியதும் அடியில் சொட்டுவது நின்றது. புகை மட்டும் நிற்கவில்லை.

எஞ்சிய இரண்டும் எண்ணெய் உள்ளேயே எரியும் வழிகள். ஒன்று கீழிருந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து வருவது. மற்றொன்று மேலிருந்து, வால்வுத் தண்டின் ஓரமாக இறங்குவது. இரண்டிலும் புகை நீலமே. கறுப்புப் புகையாயின் பெட்ரோல் மிகுதி. நின்று படரும் வெண்புகையாயின் பெரும்பாலும் நீர் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். நீலம் எண்ணெயின் நிறம். ஆயினும் நிறம் வழியைக் கூறாது. புகை வரும் வேளைதான் வழியைக் கூறும்.

ஆகவே இருவரும் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குச் சென்றோம். நான் ஓட்ட, அவர் இருசக்கர வண்டியில் பின்தொடர்ந்தார். மேடேறும்போது எஞ்சின் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. வளையங்கள் தேய்ந்திருந்தால் அப்பொழுது புகை தொடர்ந்து வரும். என் வண்டியில் அவ்வாறு வரவில்லை. இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளுமாறு விட்டேன். வளைவு திரும்பி மீண்டும் அழுத்தியதும் நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பியதாம்.

இதன் காரணம் எளிது. நாம் காலை எடுத்ததும் காற்று புகும் வாயில் மூடிக்கொள்கிறது. பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எனவே உட்புகு குழாயில் காற்றழுத்தம் வெளியைவிட மிகக் குறைகிறது. இளநீரில் குழல் வைத்து உறிஞ்சுவது போல, வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. மீண்டும் அழுத்தும்போது அது எரிந்து புகையாகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒருமுறை புகைத்து அடங்குவதும் இவ்வழியின் அடையாளமே. இரவில் தண்டு வழியாக வடிந்த சொட்டுகள் அப்பொழுது எரிகின்றன. அந்தப் பெண்மணி முகம் சுளித்ததும் வைகறையில்தான்.

கண்ணால் கண்டதை அளவையாலும் உறுதி செய்ய வேண்டும் என்றார் அவர். சூடான எஞ்சினின் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். நான்கும் சதுர அங்குலத்துக்கு 115 முதல் 120 பவுண்டு வரை இருந்தன. பிறகு பிளக் துளை வழியே ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். அழுத்தம் சிறிதே உயர்ந்தது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற விதி. தெருவிலுள்ள அடிகுழாயை நினைத்துப் பாருங்கள். தோல் வாஷர் காய்ந்து தேய்ந்திருந்தால் எத்தனை அடித்தாலும் நீர் வராது. மேலே ஒரு செம்பு நீர் ஊற்றினால் இடைவெளி அடைபட்டு நீர் ஏறும். ஊற்றிய நீரால் குழாய் வேலை செய்தால், குறை வாஷரில் என்பது தெளிவு. பிஸ்டன் வளையமும் அத்தகையதே. எண்ணெய் விட்டதும் அழுத்தம் மிக உயர்ந்தால் குறை வளையத்தில் அல்லது சிலிண்டர் சுவரில் உள்ளது. உயராமலிருந்து, முதல் அளவே நன்றாகவும் இருந்தால் வளையங்கள் பெரும்பாலும் நலமே. முதல் அளவும் குறைந்து, எண்ணெய்க்குப் பின்னும் உயராவிடில் வால்வின் அமர்விடத்தையோ, தலைப்பகுதிக்குக் கீழுள்ள கேஸ்கட்டையோ ஐயுற வேண்டும். இப்பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். அதை என் வண்டிக்குப் பொருத்திக் காட்டியவர் என் மாணவர்.

என் வண்டியிலுள்ளது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் வால்வுத் தண்டுகளின் மேற்பகுதியில் சிறு ரப்பர் வளையங்கள் உள்ளன. வெப்பத்தால் அவை கல்லாய் இறுகி, தொட்டதும் நொறுங்கின. அவற்றை மாற்ற எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றவும் இல்லை. பிளக் துளை வழியே பருத்திக் கயிற்றைச் செலுத்தி, பிஸ்டனை மெல்ல உயர்த்தினால், கயிற்றுச் சுருள் வால்வுகளைத் தாங்கிக்கொள்ளும். பிறகு வில்லை அழுத்திப் பழைய ரப்பரை எடுத்துப் புதியதை இடலாம். அவ்வமயம் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார், ஆட்டம் சிறிதளவே. ஆட்டம் மிகுந்திருந்தால் புது ரப்பர் சில நாட்களுக்கே உதவும். தலையைக் கழற்றி வால்வு கைடுகளையும் மாற்றியாக வேண்டும்.

குறை வளையத்திலேயே இருப்பின் செய்வது யாது? பிரித்தவுடன் கடைந்துவிடலாகாது. சிலிண்டரின் மேலும் கீழும் குறுக்களவு எடுத்து, எவ்வளவு தேய்ந்தது, எங்கே நீள்வட்டமாயிற்று என்று காண வேண்டும். தேய்மானம் சிறிதாயின், எண்ணெய் வளையத்தின் பள்ளத்திலுள்ள கரியை நீக்கி, சுவரை மெல்லத் தேய்த்துக் குறுக்குக் கோடுகள் உண்டாக்கிப் புது வளையங்கள் போட்டால் போதும். வளையத்தைச் சிலிண்டருள் நேராகத் தள்ளி அதன் வாயிடைவெளியை அளக்க வேண்டும். ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இச்சிலிண்டருக்கு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். வளைய வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் அமையலாகாது. தேய்மானம் மிகுந்தால் மட்டுமே கடைந்து பெரிய பிஸ்டன் போடுதல் முறையாகும்.

எண்ணெய்ச் செலவைப் பொருட்படுத்தாதிருத்தல் ஆபத்தும் ஆகும். எரிந்த எண்ணெய் பிளக்குகளில் கரியாகப் படிகிறது. தொட்டியில் அளவு குறைந்து பேரிங்குகள் காய்ந்தால், சிறு ரப்பரை மாற்றத் தவறியவர் எஞ்சினையே இழக்க நேரும். ஆகவே வண்டி ஆறிய பின், ஒரே சமதளத்தில், வாரந்தோறும் அளவுகோலைப் பாருங்கள். ஓடிய தூரத்தையும் ஊற்றிய எண்ணெயையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

என் குறிப்பேட்டின்படி இப்பொழுது 1500 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் செலவாகிறது. வளையங்களிலும் சிறிது தேய்மானம் இருப்பதால் அது முற்றிலும் நிற்கவில்லை. நிற்கும் என்று என் மாணவர் வாக்களிக்கவுமில்லை. ரப்பர் வளையங்களுக்கும் கூலிக்கும் ஆன செலவு ஒரு மாத மளிகைக் கணக்குக்குள் அடங்கிற்று. இன்றும் விடியற்காலையில் செங்கம் சாலைக்கு வரும்போது பின்புறக் கண்ணாடியை ஒருமுறை பார்க்கிறேன். நடப்பவர்கள் மலையைப் பார்த்தபடி நடக்கிறார்கள்.