ஓயாத எச்சரிக்கை: குடல் அழற்சியும் சைட்டோகைன்களும்

நோய்த்தடைகாப்பியல் பாடம் நடத்தும்போது மாணவர்கள் குழம்பும் சொற்களில் ஒன்று சைட்டோகைன். "செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பது மனதில் நிற்பதில்லை. இதை விளக்க எங்கள் மதுக்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

மதுக்கரை வனப்பகுதி வழியே செல்லும் இரயில் பாதையை யானைகள் கடப்பது வழக்கம். அவற்றைக் காக்க, 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களுடன் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு தொடங்கியது. கேமராவில் யானை தெரிந்ததும் தகவல் போகும். இரயிலின் வேகம் குறையும். வனப் பணியாளர்கள் விரைவார்கள். யானை கடந்ததும் எல்லாம் இயல்புக்குத் திரும்பும். சைட்டோகைன்களும் இப்படித்தான். சில எச்சரிக்கும், சில அடக்கும். யானை போன பின்னும் எச்சரிக்கை ஓயாவிட்டால்? அதுவே நாள்பட்ட அழற்சி.

குடலில் நடப்பது

நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. குடலின் உட்சுவர் அவற்றைத் திசுக்களிலிருந்து பிரித்து வைக்கிறது. சுவரில் கசிவு ஏற்பட்டால் விழுங்கு செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-12, இன்டர்லூக்கின்-23 போன்றவற்றைச் சுரக்கின்றன. இரத்தத்திலிருந்து மேலும் வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. ஆனால் டி.என்.எஃப். மிகுந்தால் சுவரின் செல் இணைப்புகளே தளர்ந்துவிடும். கசிவு கூடும், பாக்டீரியா நுழையும், மீண்டும் டி.என்.எஃப். சுரக்கும். இந்தச் சுழற்சி குரோன் நோயிலும் பெருங்குடல் புண் அழற்சியிலும் நிற்காமல் தொடர்கிறது.

அடக்கும் பக்கத்தில் முக்கியமானது இன்டர்லூக்கின்-10. அதன் ஏற்பியில் மரபுக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் குடல் அழற்சி வருவது 2009இல் கண்டறியப்பட்டது.

காவலனும் அவனே

டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்கா குரோன் நோய்க்காக ஒப்புதல் அளித்தது. பலருக்குப் புண் ஆறியது. ஆனால் 2001இல் வெளியான ஓர் ஆய்வு, இம்மருந்து பெற்ற 70 பேருக்குக் காசநோய் வந்ததைப் பதிவு செய்தது. காரணம், நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதும் டி.என்.எஃப்.தான்.

காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது பெரிய விஷயம். குடல் காசநோயும் குரோன் நோயும் சிறுகுடல் முடியும் இடத்தையே பெரும்பாலும் தாக்குகின்றன. அறிகுறிகளும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுக்குரிய மருந்து மற்றதில் கேடாக முடியலாம். ஆகவே பரிசோதனையின்றி யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

வகுப்பறையில்

"அழற்சி நன்மையா, தீமையா?" என்று கேட்டு, மேற்கண்ட சுழற்சியை மாணவர்களையே வரையச் சொல்லலாம். எந்த அம்புக்குறியை வெட்டினால் சுழற்சி நிற்கும் என்ற கேள்வியிலிருந்தே மருந்தின் வேலை விளங்கிவிடும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சாதாரண வயிற்றுப்போக்கு சில நாளில் நிற்கும். வாரக்கணக்கில் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, வளர்ச்சித் தேக்கம் இருந்தால் பெற்றோரை அழைத்து, அரசு மருத்துவமனைக்குச் செல்லச் சொல்ல வேண்டும். இக்குழந்தைகளால் அவசரத்தை அடக்க முடியாது. அடிக்கடி கழிப்பறைக்குப் போகக் கேட்கும் பிள்ளையை, காரணம் கேட்டு எல்லோர் முன்னும் நிற்க வைக்காமல் உடனே அனுப்புவோம்.