சூல்வித்தகக் குளிகையும் பிரசவித்த தாயின் தேவையும்

பிரசவத்தின் பின்னர் தாயின் உடலிலிருந்து வெளியேறும் சூல்வித்தகத்தை, அதாவது எமது மக்கள் நச்சுக்கொடி என்றும் இளங்கொடி என்றும் வழங்கும் உறுப்பை, அத்தாயே உணவாகவோ மருந்தாகவோ உட்கொள்ளும் வழக்கம் மேலைநாடுகள் சிலவற்றில் கடந்த சில தசாப்தங்களாகப் பரவி வந்துள்ளது. இதனைக் கேள்வியுறும் எமது வாசகர்களுள் பெரும்பாலானோர் முகஞ்சுழிக்கவே செய்வர். ஆயினும் அருவருப்பு ஒரு வாதமாகிவிடாது. கல்வியறிவும் வசதியும் படைத்த பெண்கள் பலர் இதனை ஏன் நாடுகின்றனர், இதனால் உண்மையில் நன்மை விளைகின்றதா, தீங்கு ஏதும் உண்டா என்பவற்றை நிதானமாக ஆராய்வதே பொருத்தமானதாகும். எந்த நாட்டின் வழக்கமும் கைத்தொலைபேசி வழியாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும் இக்காலத்தில் அது அவசியமானதுங்கூட.

சூல்வித்தகம் என்பது கருப்பையின் சுவரில் ஒட்டி வளர்ந்து, தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்கு ஒட்சிசனையும் போசணையையும் வழங்கும் தற்காலிக உறுப்பாகும். நிறைமாதத்தில் அதன் நிறை ஏறத்தாழ அரைக் கிலோகிராம். ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்தரோன் முதலிய ஹோர்மோன்களை அது பெருமளவிற் சுரக்கின்றது. குழந்தை பிறந்து சூல்வித்தகமும் வெளியேறியதும் தாயின் குருதியில் இந்த ஹோர்மோன்களின் அளவு சில நாட்களுக்குள் சடுதியாக வீழ்ச்சியடைகின்றது. பிரசவத்தின்போது ஏற்படும் குருதியிழப்பால் இரும்புச் சத்தும் குறைகின்றது. இவ்வாறு இழந்தவற்றை அதே உறுப்பிலிருந்து மீளப் பெற்றுக்கொண்டால் களைப்பு நீங்கும், மனச்சோர்வு அணுகாது, தாய்ப்பால் பெருகும் என்பதே இவ்வழக்கத்தை ஆதரிப்போரின் வாதமாகும்.

சிலர் இதனைச் சமைத்து உண்கின்றனர். பெரும்பாலானோர் உலர்த்தித் தூளாக்கி, உறைகளில் அடைத்த குளிகைகளாக உட்கொள்கின்றனர். சில நூறு டொலர்களைப் பெற்றுக்கொண்டு இப்பணியைச் செய்துகொடுக்கும் சேவைகள் அமெரிக்காவில் இயங்குகின்றன. நடிகை ஜனவரி ஜோன்ஸ் தாமும் இக்குளிகைகளை உட்கொண்டதாக 2012 ஆம் ஆண்டில் தெரிவித்ததை அடுத்து இது பற்றிய பேச்சு மேலும் பரவியது. அமெரிக்காவில் வீடுகளிலும் பிரசவ நிலையங்களிலும் குழந்தை பெறத் திட்டமிட்ட 23 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, அவர்களுள் 31 சதவீதத்தினர் சூல்வித்தகத்தை உட்கொண்டிருந்தனர். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைத் தடுப்பதே நோக்கம் என அவ்வாறு உட்கொண்டோருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் கூறியிருந்தனர். இவ்விடயத்தின் மையம் எதுவென்பதை இந்த ஒரு தரவே உணர்த்திவிடுகின்றது. அப்பெண்கள் தேடியது விநோதமான உணவையன்று. தமக்கு நேரக்கூடிய ஒரு துன்பத்துக்கான காப்பையே அவர்கள் தேடினர்.

இது ஆதிமனிதனின் வழக்கம் என்றும், பாலூட்டி விலங்குகள் பலவும் இவ்வாறு செய்கின்றன என்றும் கூறப்படுவதுண்டு. விலங்குகளைப் பொறுத்தவரை இக்கூற்று சரியானதே. ஆனால் மனித சமுதாயங்களைப் பொறுத்தவரை சான்று மறுபக்கமே நிற்கின்றது. நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர்களான ஷரோன் யங், டானியல் பெனிஷெக் ஆகியோர் 179 சமுதாயங்களைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவித்த தாய் தனது சூல்வித்தகத்தை உண்பது நிலைத்த வழக்கமாக இருந்த சமுதாயம் ஒன்றையேனும் காணமுடியவில்லை. சீனப் பாரம்பரிய வைத்தியத்தில் உலர்ந்த சூல்வித்தகம் ஒரு மருந்துப் பொருளாக நெடுங்காலம் இடம்பெற்று வந்தது உண்மையே. எனினும் அது பல்வேறு நோய்களுக்கு எவருக்கும் கொடுக்கப்பட்ட மருந்தேயன்றி, பிரசவித்த தாய் தன்னுடையதைத் தானே உண்ணும் முறை அன்று. மனித சூல்வித்தக வர்த்தகத்தைச் சீன அரசு 2005 இல் தடைசெய்தது.

எமது சூழலும் இவ்வாய்வு கூறுவதற்கு ஒத்ததே. சூல்வித்தகத்தை மரியாதையுடன் மண்ணிற் புதைப்பதே தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் நிலவிவரும் மரபாகும். மாடு கன்று ஈன்றால், அது இளங்கொடியைத் தின்றுவிடாதபடி காத்திருந்து எடுத்து, சாக்கிலோ ஓலையிலோ கட்டி ஆலமரம் போன்ற பால்மரத்திலே தொங்கவிடுவதை யாழ்ப்பாணக் கிராமங்களில் வாழ்ந்தோர் அறிவர். தின்றுவிட்டால் பால் வற்றிவிடும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. விஞ்ஞானத்தால் நிறுவப்பட்ட உண்மையாக இதனை நாம் முன்வைக்கவில்லை. உண்டால் பால் பெருகும் என்று ஓரிடத்திலும் உண்டால் பால் வற்றும் என்று இன்னோரிடத்திலும் மக்கள் சமஅளவு உறுதியுடன் நம்ப முடிகின்றது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம். நம்பிக்கையின் பலம் ஒருபோதும் சான்றின் பலமாகாது.

அவ்வாறாயின் சான்று யாது? செக்கோஸ்லோவாக்கியாவில் நடத்தப்பட்டு 1954 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, உலர்ந்த சூல்வித்தகம் கொடுக்கப்பட்ட தாய்மாரிற் பெரும்பாலானோருக்குப் பால் சுரப்பு அதிகரித்ததாகக் கூறியது. ஆதரவாளர்கள் இன்றளவும் எடுத்துக்காட்டுவது இதனையே. ஆனால் அவ்வாய்வு நடத்தப்பட்ட முறை இன்றைய ஆய்வு நெறிகளுக்கு அமைவானதன்று. மேற்கூறிய நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களே பின்னர் ஒரு பரீட்சார்த்த ஆய்வை மேற்கொண்டனர். ஒரு சாராருக்குச் சூல்வித்தகக் குளிகையும் மறுசாராருக்கு மாட்டிறைச்சித் தூள் அடங்கிய போலிக் குளிகையும் வழங்கப்பட்டன. யாருக்கு எது கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. தாயின் இரும்புச் சத்து நிலையில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென 2016 இல் வெளியான முடிவு காட்டியது. மனநிலை, களைப்பு, குழந்தை மீதான பிணைப்பு ஆகியவற்றிலும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லையென 2018 இல் வெளியான முடிவு காட்டியது. இவற்றிற் பங்கேற்ற பெண்கள் முப்பதுக்கும் குறைவானோரே. ஆகவே இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. எனினும் ஆதரவாளர்கள் வாக்களிக்கும் பெருநன்மைக்கான சான்று எதுவும் இங்கு கிட்டவில்லை. குளிகையை ஆகக்கூடிய அளவில் உட்கொண்டாற்கூட, பாலூட்டும் தாய்க்கு நாளாந்தம் தேவையான இரும்புச் சத்தில் ஏறத்தாழ 24 சதவீதமே கிடைக்கும் என்பதும் கணக்கிடப்பட்டுள்ளது. பிரசவ சிகிச்சை நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரை இதனைவிட மேலானது.

தாய்ப்பால் பற்றிய வாதமோ உடற்றொழிலியலுக்கே முரணாக அமைகின்றது. சூல்வித்தகம் வெளியேறி, புரொஜெஸ்தரோனின் அளவு வீழ்ச்சியடைவதே பால் பெருமளவிற் சுரப்பதற்கான சைகையாகும். சூல்வித்தகத்தின் துண்டு கருப்பையினுள் தங்கிவிடும் தாய்மாருக்குப் பால் சுரப்பது தாமதமடைவதை வைத்தியர்கள் அறிவர். அவ்வாறிருக்க, அதே ஹோர்மோனை மீண்டும் உடலினுள் செலுத்துவதாற் பால் பெருகும் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இனி ஆபத்தை நோக்குவோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2016 செப்டெம்பரில் பிறந்த சிசு ஒன்றுக்குப் பிறந்த சிறிது நேரத்திலேயே சுவாசச் சிரமம் ஏற்பட்டது. அதன் குருதியில் 'பி' பிரிவு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியா இருப்பது கண்டறியப்பட்டு, 11 நாட்கள் அம்பிசிலின் வழங்கப்பட்டது. குணமடைந்து வீடு சென்ற சிசு ஐந்து நாட்களில் மீண்டும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டது. குருதியில் அதே பக்டீரியா மீண்டும் காணப்பட்டது. விசாரித்தபோது, பிரசவமாகி மூன்றாம் நாளிலிருந்து தாய் நாளொன்றுக்கு மூன்று தடவைகள் இரண்டிரண்டாகச் சூல்வித்தகக் குளிகைகளை உட்கொண்டு வந்தமை தெரியவந்தது. தாய்ப்பாலில் அக்கிருமி இருக்கவில்லை. குளிகைகளில் இருந்தது. அதன் மரபணு அமைப்பும் சிசுவின் குருதியிலிருந்த கிருமியின் அமைப்பும் ஒன்றாகவே காணப்பட்டன. வீட்டிலுள்ள பிறரிடமிருந்து தொற்றியிருக்கும் சாத்தியத்தை முற்றாக மறுக்கவியலாது என்பதையும் பதிவுசெய்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2017 ஜூனில் இதனை வெளியிட்டது. இத்தகைய குளிகைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே அதன் அறிவுறுத்தலாகும். கனேடிய சுகாதாரத் திணைக்களமும் 2018 இல் இதனையொத்த எச்சரிக்கையை விடுத்தது.

அந்த அறிக்கையின்படி குளிகை தயாரிப்பாளர் சூல்வித்தகத்தை உலர்த்திய வெப்பநிலை 46 முதல் 71 பாகை செல்சியஸ் வரையானதாகும். சல்மொனெல்லா கிருமியைப் போதிய அளவு அழிப்பதற்கு 54 பாகை செல்சியஸில் 121 நிமிடங்கள் வைத்திருத்தல் வேண்டும் என்பதும் அதிற் சுட்டிக்காட்டப்பட்டது. இங்கேதான் இவ்வழக்கத்தின் உள்முரண் வெளிப்படுகின்றது. கிருமி சாக வேண்டுமாயின் நன்கு சூடாக்க வேண்டும். சூடாக்கி உலர்த்தினாலோ, எதனை நாடி இதனை உட்கொள்கின்றனரோ அந்த ஹோர்மோன்களுட் சிலவற்றின் அளவு குறைந்துவிடுகின்றது.

ஆயினும் அச்சத்தை மிகைப்படுத்துவதும் நேர்மையாகாது. நாம் மேலே குறிப்பிட்ட 23 ஆயிரம் பெண்களின் தரவுகளில், சூல்வித்தகத்தை உட்கொண்ட தாய்மாரின் சிசுக்கள் கூடுதலாக நோயுற்றதாகவோ மரணித்ததாகவோ காணப்படவில்லை. எனவே ஒரிகன் சம்பவம் அடிக்கடி நிகழ்வதன்று. இதனிலும் பெரிதான தீங்கு வேறொன்றாகும். குளிகையை நம்பியிருக்கும் தாய், உரிய சிகிச்சையை நாடத் தாமதிப்பதே அத்தீங்கு.

பிரசவத்தை அடுத்து வரும் நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் மனம் தளம்புவதும் பலருக்கு நேர்வதே. இரு வாரங்களுக்குள் அது தானாகவே நீங்கிவிடும். நீங்காது தொடர்வதே மனச்சோர்வு நோய். குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் உளநோய்க்கு, பிரதானமாக மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகின்றது. வளர்முக நாடுகளில் இந்த வீதம் மேலும் அதிகமாகும். இதனைக் கண்டறிவதற்கு பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987 முதல் உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. தமிழிலும் அது உண்டு. உரிய ஆலோசனையாலும் மருந்தாலும் இந்நோய் குணமடையக்கூடியது.

குளிகைக்கு இவ்வளவு செல்வாக்கு அமெரிக்காவில் ஏற்பட்டமைக்கும் ஒரு பின்னணி உண்டு. அங்கு தேசிய மட்டத்தில் 1993 ஆம் ஆண்டின் சட்டம் உத்தரவாதமளிப்பது 12 வார விடுமுறையை மாத்திரமே. அதுவும் சம்பளமற்றது, தகுதிபெற்ற ஊழியர்க்கு மட்டும் உரியது. சம்பள விடுமுறைத் திட்டங்களைச் சில மாநிலங்களே கொண்டுள்ளன. உறவினர் தொலைவிலிருக்க, விடுமுறையும் இன்றி, கைக்குழந்தையுடன் தனித்துவிடப்படும் தாய் ஒரு குளிகையிலேனும் நம்பிக்கை வைப்பதை நாம் எள்ளி நகையாட முடியாது.

எமது நாட்டிலே வேலைபார்க்கும் தாய்மாருக்கு 84 நாள் பிரசவ விடுமுறையைச் சட்டம் வழங்குகின்றது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகின்றார். துடக்குக் கழியும் வரையில் தமிழ் வீடுகளிலும் நாற்பது நாட்கள் முஸ்லிம் வீடுகளிலும் தாய் வேலையின்றி இருத்தப்படுகின்றாள். உள்ளியும் மிளகும் சேர்ந்த சரக்குக் கறியும், பாற்சுறாவும், முருங்கையிலையும் அவளுக்கு ஆக்கிக் கொடுக்கப்படுகின்றன. இவற்றின் மருத்துவக் குணத்திலும் பார்க்க, ஒருவர் அருகிலிருந்து ஆக்கிக் கொடுக்கின்றார் என்பதே அவளைத் தேற்றும் பெருமருந்தாகும்.

ஆனால் நாம் பெருமைப்பட்டு அமைந்துவிடுவதற்கில்லை. நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்குச் சம்பள விடுமுறை எட்டுவதில்லை. போரினாலும் புலம்பெயர்வினாலும் சிதறிய குடும்பங்களில் அருகிருந்து பார்ப்பதற்குத் தாயும் இல்லை, தமக்கையும் இல்லை. எல்லோரும் சூழ்ந்திருக்கும் வீட்டிலுங்கூட, தாய் அழுதால் "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்" என்று கூறி வாயடைத்துவிடுகின்றோம். மனநோய் என்ற பெயர் குடும்பத்துக்கு வந்துவிடுமோ என்ற அச்சமே இதன் காரணம்.

ஆதலால், இரு வாரங்களுக்கு மேலாக நீடிக்கும் துயரம், குழந்தை உறங்கும் வேளையிலும் உறக்கமின்மை, குழந்தையின்பால் ஈடுபாடின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவற்றைக் காணும் கணவரும் உறவினரும் தாமதியாது குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ தெரிவித்தல் வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கிழைக்கும் எண்ணம் தாய்க்குத் தோன்றுமாயின், கடும் குருதிப்போக்கோ காய்ச்சலோ ஏற்படுமாயின், அதே தினத்தில் வைத்தியசாலையை நாடவேண்டும். சூல்வித்தகம் தனது கடமையை ஒன்பது மாதங்களிற் செய்து முடித்துவிடுகின்றது. அதன் பின்னர் தாயைத் தாங்கவேண்டிய கடமை குடும்பத்தையும் அரசையும் சார்ந்தது. அதனை எந்தக் குளிகையிடமும் ஒப்படைத்துவிட முடியாது என்பதே எமது கருத்தாகும்.