கம்பி வழித் தபால் – 9: உறை கிழியாத கடிதம்

1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, அதன் வாயில்கள் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களில் இருந்தனவேயன்றி நாகர்கோவிலில் இல்லை. ஆகவே நாஞ்சில் நாட்டு முந்திரி ஏற்றுமதியாளரோ கயிறு வியாபாரியோ மின்னஞ்சல் பார்க்க விரும்பினால், எஸ்.டி.டி. எனப்படும் வெளியூர் அழைப்புக் கட்டணம் செலுத்தித் தூரத்து நகரம் ஒன்றை மோடத்தால் அழைக்க வேண்டியிருந்தது. விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு மெகாபைட் வந்து சேரக் கால்மணி நேரம் பிடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் நாஞ்சில் நாட்டில், ஈரமேறிய கம்பியின் இரைச்சலால் பிழைபட்ட துண்டுகளை மோடம் திரும்பத் திரும்ப அனுப்ப நேர்ந்தால், அந்தக் கால்மணியும் நீளும்.

பத்து மேஜைகளும் ஒரே தொலைபேசியும் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே அழைப்பது சாத்தியமன்று. பழைய கணினி ஒன்றில் லினக்ஸையும் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலையும் நிறுவி, அதை அலுவலகச் சர்வராக்கி, பகலெல்லாம் எழுதப்படும் கடிதங்களை வரிசையில் சேர்த்து வைத்து, எஸ்.டி.டி. கட்டணம் காற்பங்காகக் குறைந்த இரவு 11 மணிக்குமேல் ஒரே அழைப்பில் அனைத்தையும் அனுப்பிப் பெறுவதே யுக்தமான ஏற்பாடாக இருந்தது. முகவரி ஒன்றைத் தேடும் பொருட்டுச் சர்வர் நடுப்பகலில் தானாகவே தொலைபேசியைச் சுழற்றிவிடாதபடி, பெயர்த்தேடலை ஒத்திவைக்கும் கட்டளையையும் அதற்கு மறவாமல் இட்டுவைக்க வேண்டியிருந்தது.

அனுப்புவது சுலபம், பெறுவதில்தான் சிரமம் இருந்தது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த நாளில், மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர், பையை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும்வரை அதற்குத் தாமே ஜவாப்தாரியாக இருந்தார். 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்தளித்த எஸ்.எம்.டி.பி. என்னும் மின்னஞ்சல் விதியும் அத்தகைய தர்மத்தையே கூறுகிறது: கடிதத்தை ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு சர்வர் சொல்லிவிட்டால், அதை உரியவரிடம் சேர்ப்பதோ, முடியாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிப்பதோ அதன் கடமையாகிவிடும். ஆனால் அழைக்கும் நேரத்தில் மட்டும் விழித்திருக்கும் அலுவலகச் சர்வரிடம் இக்கடமையை நேரே ஒப்படைக்க இயலாமையால், சேவை நிறுவனங்கள் அலுவலகத்தின் எல்லாக் கடிதங்களையும் ஒரே பெட்டியில் போட்டுவைத்தன. எரிக் ரேமண்டின் ஃபெட்ச்மெயில் என்ற நிரல் அப்பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பிரித்துக் கொடுத்தது.

இங்கேதான் விபரீதம் நேர்கிறது. பெட்டியில் விழும்போதே, யாருக்குச் சேர வேண்டும் என்று குறித்த கடிதத்தின் உறை கழன்றுபோகிறது. எஞ்சுவது உள்ளே எழுதப்பட்ட தலைப்பு வரிகள் மாத்திரமே. மறைமுகப் பிரதியாக வந்த கடிதத்தின் தலைப்பில் அலுவலகத்தார் எவர் பெயரும் இராது. யாருடையது என்று ஊகிக்க வழியின்றி அது நிர்வாகியின் பெட்டியில் தேங்கும். பல பேருக்கு எழுதப்பட்ட கடிதமோ, சர்வர் கவனமின்றி அமைக்கப்பட்டிருந்தால், தலைப்பில் கண்ட வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் மறுபடியும் போய்ச்சேரும். ரேமண்டே தம் கையேட்டில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார்.

இதற்கு நான் உசிதமென்று கருதும் பரிகாரம் புதியதன்று. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் ஆக்கிய யூ.யூ.சி.பி. முறை, விட்டு விட்டு அழைக்கும் தொலைபேசிக்கென்றே பிறந்தது. உறையிலுள்ள பெயரைக் கடிதத்தோடு சேர்த்தே கொண்டுவந்து தருவது. 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.க்களும் ஆதியில் கடிதம் பரிமாறிக்கொண்டது டயல்-அப் கம்பியில் ஓடிய இம்முறையால்தான்.

லினக்ஸுடன் விலையின்றிக் கிடைத்த டெய்லர் யூ.யூ.சி.பி.யோ, இரு முனையிலும் அதுவே இருக்குமாயின், கம்பி நடுவில் அறுந்தாலும் கோப்பை விட்ட இடத்திலிருந்து தொடர வல்லது. மறுமுனையில் இம்முறையை ஏற்கும் சேவையாளர் வாய்ப்பதுதான் அரிதாக இருந்தது. வாய்க்காதவர்கள் ஆளுக்கொரு பெட்டியாக வாங்கினால் ஆகும் செலவையும், அதை ஒரே இரவு அழைப்பில் அடக்கும் வகையையும் அடுத்த இதழில் கணக்கிடுவோம்.