டாக்டர் பிள்ளைக்கு இன்னும் ஒரு தேர்வு

அயல்நாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் பிள்ளையை, "டாக்டர் வந்துவிட்டார்" என ஊரார் மகிழ்ந்து வரவேற்கின்றனர். ஆனால் அப்பிள்ளை இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற, 2002 முதல் நடைபெற்றுவரும் அயல்நாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வில் வெற்றி பெற்றாக வேண்டும்.

ஒரே நாளில் 300 வினாக்கள். தலா 150 வினாக்கள் கொண்ட இரு பகுதிகளுக்கும் இரண்டரை மணி நேரம் வீதம் அளிக்கப்படுகிறது. ஆக, வினா ஒன்றுக்கு ஒரு நிமிடமே. 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆதலின் எவ்வினாவையும் விடையளிக்காமல் விடலாகாது.

மாணவரே, சமூக மருத்துவத்தைக் கடைசி வாரத்துக்கென ஒதுக்கி வைக்காதீர். மகப்பேற்று மருத்துவத்தைப் போலவே அதற்கும் 30 வினாக்கள் உண்டு. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையும் காசநோய் ஒழிப்புத் திட்டமும் அயல்நாட்டு வகுப்பறையில் விரிவாகக் கற்பிக்கப்படுபவை அல்ல. நாளை உம்மிடம் வரப்போகும் ஏழை நோயாளிக்கோ அவையே முதல் தேவை. தேர்வுக்காக மட்டுமன்றி அவருக்காகவும் படியுங்கள்.

பெற்றோரே, எழுதுவோரில் பெரும்பாலோர் தேர்ச்சி பெறாத தேர்வு இது. ஆண்டுக்கு இருமுறை நடைபெறுவதால் மீண்டும் எழுத வழியுண்டு. உணவு வேளையில் வங்கிக் கடனை நினைவூட்டாதீர்கள். உறவினர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். முடிவு அறிந்து தலைகுனிந்து நிற்கும் பிள்ளையிடம் நீங்கள் கூறும் முதற்சொல், "வா, சாப்பிடு" என்பதாக இருக்கட்டும். மறுமுறை நூலைக் கையில் எடுக்கும் துணிவு அந்த அன்பிலிருந்தே பிறக்கும்.