கணக்கு வழக்கு – 7: கூடப் பிடித்த வரி

போன வாரம் சம்பளப் பட்டியலில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தங்களைப் பார்த்தோம். இந்த வாரம் சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி, அதாவது டி.டி.எஸ்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 2025-26 நிதியாண்டில் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ரூபாய். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக, மீதி 14,25,000-க்கு செஸ் உட்பட வரி 97,500. மாதம் 8,125 பிடித்தால் போதும். ஆனால் சம்பளச் சீட்டில் 21,450 என்று வருகிறது. எப்படி?

போன வருடம் அவர் பழைய முறையில் இருந்தார். சாஃப்ட்வேரின் ஊழியர் மாஸ்டரில் அதை யாரும் மாற்றவில்லை. இந்த வருடத்து முதலீட்டு விவரமும் ஏறவில்லை. அதனால் நிலையான கழிவு 50,000-ஐ மட்டும் கழித்து, ஆண்டு வரி 2,57,400 என்று கணக்கிட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டது. ஊழியர் எந்த முறை என்று சொல்லாவிட்டால் புதிய முறைப்படிதான் பிடிக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரலிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

ஏப்ரல் முதல் ஜூலை வரை இப்படியே போனால் பிடித்தது 85,800. ஆகஸ்டில் விஷயம் தெரிந்ததும் பலரும் செய்வது, பழைய மாதங்களின் வவுச்சரைத் திறந்து தொகையைத் திருத்துவது. அதைச் செய்யாதீர்கள். அந்தப் பணம் சலானில் கட்டியாகிவிட்டது. ஜூன் வரை பிடித்தது முதல் காலாண்டின் டி.டி.எஸ். அறிக்கையான 24க்யூ படிவத்திலும் ஏறிவிட்டது. வவுச்சரை மாற்றினால் புத்தகம் ஒன்று சொல்லும், சலான் வேறொன்று சொல்லும்.

திருத்த வேண்டியது மாஸ்டரை. வரி முறையை மாற்றி, ஆகஸ்ட் சம்பளத்தை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். ஆண்டு வரியில் பாக்கி 11,700; அதை எட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 1,463. கூடுதலோ குறைவோ, அதே நிதியாண்டின் பிந்தைய மாதங்களில் சரிக்கட்ட, 2025-26-க்குப் பொருந்திய வருமான வரிச் சட்டத்தின் 192(3) பிரிவு இடம் கொடுத்தது.

ஆகஸ்டும் கைநழுவினால் பிடித்தது 1,07,250 ஆகி, முழு வருட வரியையே தாண்டிவிடும். அப்புறம் மாதப் பிடித்தத்தை நிறுத்தத்தான் முடியும். கூடப் போனதை ஊழியர் ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டாக வாங்க வேண்டியதுதான். குறைவாகப் பிடித்திருந்தால் சங்கடம் முதலாளிக்கு: பிடிக்காமல் விட்ட தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி, பிடித்தும் கட்டாமல் வைத்திருந்தால் 1.5 சதவீதம்.

வரி முறை சரியாக இருந்தும் தொகை உதைத்தால் வேறு நான்கு இடங்களைப் பாருங்கள். பேன் எண் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் பிடித்தம் 20 சதவீதத்துக்குக் குறையாது. நடுவில் சேர்ந்தவரின் முந்தைய கம்பெனிச் சம்பளம் ஏறியிருக்கிறதா? புதிதாகத் திறந்த அலவன்ஸ் பே-ஹெட் வருமான வரிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா? புதிய வரி விகிதங்களுக்கான அப்டேட் போட்டாயிற்றா?

ஏப்ரல் சம்பளம் போடும் முன் ஒவ்வொரு ஊழியரிடமும் எந்த முறை என்று எழுதி வாங்கி, மாஸ்டரில் ஏற்றிவிடுங்கள். சம்பளம் வாங்குபவர்களும் வங்கிக்கு வந்த தொகையோடு நின்றுவிடாமல், சீட்டில் வரி என்ற வரியை மாதாமாதம் படியுங்கள்.