தண்டோரா போட்ட நகைச்சுவை

ஊர்ச் செய்தியைப் பறையறைந்து அறிவிப்பதைத் தமிழில் தண்டோரா என்கிறோம். இந்தியில் அதற்கு ‘டிண்டோரா’ என்று பெயர். ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்கும் இவ்விரு சொற்களுள் இந்திச் சொல்லையே தலைப்பாகக் கொண்டு 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு நகைச்சுவைத் தொடர் வெளிவந்தது. அதன் நாயகர் தில்லி இளைஞர் புவன் பாம். வடமாநிலங்களில் குடியேறிய நம் இல்லங்களில், பிள்ளைகள் இவர் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதும், பெற்றோர் பொருள் விளங்காமல் விழிப்பதும் உண்டு. அச்சிரிப்பு பிறந்து வளர்ந்த வரலாற்றை இங்கே சிறிது காண்போம்.

2014ஆம் ஆண்டு காஷ்மீரத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் ஈவிரக்கமற்ற கேள்விகளைக் கேட்கும் செய்தியாளரைக் கிண்டல் செய்து, அக்காலத்தில் உணவு விடுதிகளில் பாடி வந்த புவன் பாம் ஒரு சிறு காட்சியைப் படம் பிடித்து இணையத்தில் வெளியிட்டார். அது எல்லை கடந்து கராச்சி மாணவரிடையேயும் பரவியது. இதனால் ஊக்கம் பெற்றவர், 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘பிபி கி வைன்ஸ்’ என்ற பெயரில் யூடியூபில் தமக்கென ஓர் அரங்கம் அமைத்துக்கொண்டார்.

அரங்கம் என்றோமே தவிர, திரையுமில்லை, ஒப்பனையுமில்லை. கையில் ஒரு கைப்பேசி. எதிரே தம் முகம். தந்தை பப்லூ, தாய் ஜானகி, மாமா டீட்டூ, நண்பன் சமீர் முதலிய அனைவரும் அவர் ஒருவரே. தலையில் ஒரு துணியும் குரலில் ஒரு குழைவும் சேர்ந்தால் தாய். குரல் கடுத்தால் தந்தை. ஹரிகதை கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று. பாகவதர் ஒருவரே இராமனாகவும் கைகேயியாகவும் மாறி மாறிப் பேசக் கேட்டிருக்கிறோம். இங்கே கதை மட்டும் புராணத்திலிருந்து நடுத்தரக் குடும்பத்துக் கூடத்திற்கு இறங்கி வந்திருக்கிறது. தந்தையின் அதட்டலும் தாயின் பொருமலும் எல்லா வீட்டிலும் உள்ளவையே. கேட்டவர் ஒவ்வொருவரும் தம் வீட்டையே அதில் கண்டனர். 2018இல் அவர் பக்கத்தில் சேர்ந்தோர் தொகை ஒரு கோடியைக் கடந்தது.

‘டிண்டோரா’வில் இதே குடும்பத்திற்கு லாட்டரிப் பரிசு விழுகிறது. கைப்பேசியில் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றியவர்கள், இப்போது தனித்தனியே படமாக்கி இணைக்கும் முறையால் ஒரே காட்சியில் கூடி நின்று பேசினர். இயக்குநரும் பிற நடிகரும் உடன் சேர்ந்தனர். அவ்வாண்டிலேயே புவன் பாம் தம் பெற்றோர் இருவரையும் கொரோனா நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். தாயும் தந்தையுமாகத் தாமே நடித்த தொடர் சில மாதங்களில் வெளிவந்தது என்பதை எண்ணும்போது, அந்நகைச்சுவையின் பின்னுள்ள உறுதி புலனாகும்.

2023ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போது டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் என வழங்கிய தளத்தில் ‘தாஸா கபர்’ வெளியாயிற்று. ‘புதிய செய்தி’ என்பது இதன் பொருள். மும்பையில் பொதுக் கழிப்பிடத்தில் பணிபுரியும் ஒருவனுக்கு வருங்காலச் செய்தியை முன்னறியும் ஆற்றல் கிட்டுவதே கதை. இங்கே பல முகங்கள் இல்லை, ஒரே வேடந்தான். தனி மனிதரின் கைவினை பலர் கூடிச் செய்யும் தொழிலாயிற்று. கதை விரிந்தது; பாத்திரம் ஆழம் பெற்றது. ஆனால், பக்கத்து வீட்டுப் பையன் நம்மை மட்டும் அழைத்துப் பேசுவது போன்ற அந்நெருக்கம் குறைந்தது. வளர்ச்சிக்குக் கொடுக்கும் விலை இது.

மற்றொரு விலையும் உண்டு. இவருடைய தொடக்ககால உரையாடலில் வசைச்சொற்கள் மலிந்திருந்தன. நண்பர் நால்வரிடை உதிரும் சொல் அவ்விடத்திலேயே அடங்கிவிடும். கோடிப்பேர் கேட்கும் சொல்லுக்குப் பொறுப்பு வேறு. 2022இல் ஒரு காட்சி மலைவாழ் பெண்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது; தேசிய மகளிர் ஆணையமும் தலையிட்டது. புவன் பாம் மன்னிப்புக் கோரி, அப்பகுதியை நீக்கினார். தண்டோரா போடுபவன் தன் சொல்லுக்கு ஊராரிடம் விடை சொல்லியே ஆகவேண்டும்.

அரசாங்கக் கோப்புகளில் நாம் மொழிபெயர்க்கும் இந்தி வேறு. தில்லித் தெருவில் உலவும் இந்தி வேறு. பின்னதை இத்தகைய நகைச்சுவையே நமக்குக் கற்பிக்கிறது. தாயின் உடன்பிறந்தானை அவர்களும் மாமா என்றே அழைக்கின்றனர் என்பதை, டீட்டூ மாமாவைக் கண்டு நகைக்கையில் உணர்கிறோம். ஆதலின், பிள்ளைகள் சிரிக்கும்போது அருகமர்ந்து பொருள் கேட்போம். சிரிக்கத் தக்கதற்கு உடன் சிரிப்போம். தகாததைத் தகாதது என எடுத்துரைப்போம். அவர்கள் வளரும் ஊரின் மொழியை அவர்களிடமே நாம் கற்கலாம். சொல்லின் பொறுப்பை நம்மிடமிருந்து அவர்கள் கற்கட்டும்.