உங்களுக்குத் தெரியுமா? சென்னை கவர்னரின் அப்பத்தா

ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவிலிருந்து கோல்கொண்டா கோட்டைக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். 1687 செப்டம்பரில் அந்தக் கோட்டை ஔரங்கசீப்பிடம் விழுந்தபோது, சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராகி இரண்டு மாதமே ஆகியிருந்தவர் எலிஹு யேல். வைர வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயர்தான் என்பது பலருக்குத் தெரியும். இவர் பிறந்ததே அமெரிக்காவில், 1649-இல் பாஸ்டன் நகரில் என்பது தெரியுமா? அந்தக் குடும்பத்தை அமெரிக்காவோடு இணைத்தது இவருடைய அப்பத்தா ஆன்.

●

ஆன், இங்கிலாந்தின் செஸ்டர் நகர பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல் 1619-இல் இறந்துபோனார். சிறு பிள்ளைகளோடு நின்ற ஆன், பிறகு மனைவியை இழந்த வணிகர் தியோபிலஸ் ஈட்டனை மணந்தார். 1637-இல் அவரோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே ஈட்டன் நியூ ஹேவன் என்ற குடியேற்றத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். அதன் முதல் கவர்னரும் அவரே. மறுமணம் செய்த ஒரு விதவையின் பிள்ளைகள் என்பதால்தான் யேல் குடும்பம் அமெரிக்க மண்ணை மிதித்தது.

●

கவர்னர் மனைவியையே சபையிலிருந்து தள்ளிவைத்தார்கள்! பச்சைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரிதானா என்று ஆன் கேட்டார். டெபோரா மூடி என்ற பெண்மணியிடம் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்று அவர் யோசனையைத் தூண்டியிருந்தது. ஞானஸ்நானம் நடக்கும் நேரத்தில் ஆலயத்தை விட்டு எழுந்து போய்விடுவார். 1644-இல் பாஸ்டர் ஜான் டேவன்போர்ட்டின் சபை அவரை விசாரித்தது. குற்றப்பட்டியலில் கொள்கையைவிட வீட்டுச் சண்டைகளே அதிகம்: சாப்பாட்டு மேசையில் மாமியாரின் முகத்தில் அறைந்தார், மூத்தாள் மகளைக் கிள்ளினார், வேலைக்காரர்களை ஏசினார். இவற்றில் உண்மை இல்லாமலும் இருக்காது. வீட்டில் அடிமையாக இருந்தவர்கள் பட்ட துன்பத்தையும் அந்தப் பதிவு சொல்கிறது. ஆனால் கணவர் ஆளும் ஊரில், அத்தனை பேர் முன்னிலையில் நின்றும் தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். 1645-இல் சபை அவரை விலக்கியது. கணவர் இறந்தபின் இங்கிலாந்து திரும்பி 1659-இல் காலமானார்.

●

எலிஹுவின் அத்தை பெயரும் ஆன்தான். கனெக்டிகட் கவர்னர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. நிறையப் படித்தார், நிறைய எழுதினார்; மனம் பேதலித்தது. 1645-இல் மாசசூசெட்ஸ் தலைவர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் இதற்குச் சொன்ன காரணம், அவர் வீட்டு வேலையைப் பார்க்காமல் ஆண்களுக்குரிய படிப்பில் தலையிட்டதாம். படிக்கும்போதே கோபம் வருகிறது. அவரை பாஸ்டனில் வைத்துப் பார்த்துக்கொண்டது உடன்பிறந்த சகோதரர் டேவிட், எலிஹுவின் அப்பா. அத்தை 1698 வரை உயிரோடிருந்தார். மருமகன் சென்னையை ஆண்டு முடித்த பிறகும்! அவர் எழுதியதில் ஒரு நூல்கூட இன்று நம் கையில் இல்லை.

●

1680 அக்டோபரில் ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி ஆலயம் திறக்கப்பட்டது. சில நாளில் அங்கே நடந்த முதல் கல்யாணம் எலிஹுவுக்கும் விதவையான கேத்தரின் ஹின்மர்ஸுக்கும். மகள்களில் ஒருத்திக்கு ஆன், இன்னொருத்திக்குத் தன் தாயின் பெயரான அர்சுலா என்று பெயரிட்டார். தாத்தா பெயரைத் தாங்கிய மகன் டேவிட் நாலு வயது நிறையுமுன் இறந்தான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், கேத்தரினின் முதல் கணவரோடு அவனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். கூர்ங்கோபுரம் போன்ற அந்தக் கல்லறையை இன்றும் பார்க்கலாம்.

●

1718-இல் எலிஹு அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஆகியவற்றுக்காகத்தான் நியூ ஹேவன் கல்லூரி யேல் பெயரை ஏற்றது. சரக்கு விற்ற பணம் 562 பவுண்டு. அதே ஊரில் 1660-இல் தொடங்கிய ஹாப்கின்ஸ் பள்ளி, அத்தை கணவரின் உயிலால் வந்தது. அப்பத்தா ஆன் ஈட்டனை விலக்கிவைத்த ஊரில் இரண்டு கல்விச்சாலைகள், ஒன்று பேரன் பெயரில், இன்னொன்று மருமகன் பெயரில்.

●

ஹைதராபாத்துக்கும் இப்படி ஒரு அமெரிக்க வேர் உண்டு. கோட்டி மகளிர் கல்லூரி இருந்த கட்டடத்தை, அன்றைய ரெசிடென்சியைக் கட்டிய ஜேம்ஸ் அகிலீஸ் கிர்க்பாட்ரிக் 1764-இல் சென்னைக் கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா கரோலினாவில் மருத்துவர். 1738-இல் சார்ல்ஸ்டனில் பெரியம்மை பரவியபோது அம்மைப்பால் குத்தியவர். ஜேம்ஸ், ஹைதராபாத் பிரபு குடும்பத்துக் கைருன்னிஸாவை மணந்தார். 1802-இல் பிறந்த மகள் நூருன்னிஸாவை மூன்று வயதில் சென்னையில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே கேத்தரின் அரோரா என்று ஞானஸ்நானம். தாயை அவள் மறுபடி பார்க்கவேயில்லை. 1841-இல், ஹைதராபாத்தில் உயிரோடிருந்த பாட்டி ஷரஃபுன்னிஸாவோடு கடிதத் தொடர்பு கிடைத்தது. பேத்தி எழுதியது ஆங்கிலத்தில், பாட்டியின் பதில் பாரசீகத்தில்.

●

உங்கள் முன்னோர் யாராவது கம்பெனி காலத்துச் சென்னையில் இருந்திருந்தால்: 1698 முதலான சென்னை ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெண்ணைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயரோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கணவரின் பெயரிலும் தேடுங்கள். எலிஹுவின் அப்பத்தா லாய்ட், யேல், ஈட்டன் என்று மூன்று பெயர்களில் இருக்கிறார்.